இரண்டாவது வெட்டு

கண்ணாடிக்காரரிடம் நாற்பத்தொரு தோல்வார்கள் இருந்தன. இடுப்பில் கட்டுகிற வார் அல்ல. சவரக்கத்தி தீட்டுகிற வார். ஒரு முனையைச் சுவர்க்கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடக்கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியின் முதுகு முன்னே போக மேலும் கீழும் தேய்ப்பார்களே, அது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. அதனால் இந்த ஒன்றை அவர் மனைவி பொறுத்துக்கொண்டாள்.

வீட்டின் பின்னறையில், பீரோ இருந்த சுவரைக் காலி செய்து, வரிசையாகக் கொக்கி அடித்து எல்லாவற்றையும் மாட்டியிருந்தார். மாட்டுத்தோல், எருமைத்தோல், பின்பக்கம் கித்தான் தைத்தது, மரக்கட்டையில் ஒட்டியது என்று இனம் இனமாக. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. அதில் நீளம், அகலம், யாரிடமிருந்து வந்தது. வெயில் படக்கூடாது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வாரையும் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்.

"வீடா இது, குதிரை லாயமா? வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறாங்க" என்பாள் மனைவி.

அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவருக்குச் சவரம் வராது. பத்தொன்பது வருஷமாகச் சவரக்கத்திதான் பிடிக்கிறார். பத்தொன்பது வருஷமாகத் தாடையின் கீழே சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, வாரத்துக்கு இரண்டு கீறல். ரத்தம் நிற்க ஒட்டிய காகிதத் துண்டோடு கடைக்குப் போய், வாடிக்கையாளர் பார்த்த பிறகு ஞாபகம் வந்து பிய்த்துப் போட்ட நாள்கள் உண்டு. கேட்டால், "என் தோல் அப்படி, கொஞ்சம் மென்மையானது" என்பார். தோல் ஒன்றும் மென்மையில்லை. கத்தியை அழுத்துவார், அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மாடிப் போர்ஷனுக்கு அவருடைய சகலை குடிவந்தார். மனைவியின் தங்கை புருஷன். லிஃப்ட் மெக்கானிக். ஆள் எப்போதும் கிரீஸ் வாசனையோடு, சட்டைப்பையில் டெஸ்டரோடு திரிவார். கண்ணாடிக்காரரைவிட எட்டு வயது இளையவர். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னறைச் சுவரை வாய் பிளந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல ஒண்ணு குடுங்களேன். நானும் பழகிப் பார்க்கிறேன்" என்றார்.

கண்ணாடிக்காரருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்தச் சுவரைப் பார்த்து முதன்முதலாக ஆசைப்பட்டவர் அவர்தான். குளிர்ந்த மனசோடு, இருப்பதிலேயே மட்டமானதைக் கழற்றிக் கொடுத்தார். ஓரம் சுருண்ட மாட்டுத்தோல். வேறு நாலு வார் வாங்கியபோது இலவசமாகத் தலையில் கட்டப்பட்டது. கூடவே பழைய கத்தி ஒன்று.

இரண்டு மாதம் கழித்து எல்லாரும் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மச்சினி சிரித்துக்கொண்டே, "அத்தான், இவர் கன்னத்தைத் தொட்டுப் பாருங்க. குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கு. எல்லாம் உங்க புண்ணியம்" என்றாள்.

தொட்டார். குழந்தைக் கன்னமாகத்தான் இருந்தது. தடிப்பு இல்லை, கீறல் இல்லை, எதிர்த்திசையில் தடவினாலும் விரலில் ஒரு முள் தட்டவில்லை.

"எப்படிப்பா?"

"தெரியலண்ணா. வாரை விறைப்பாப் பிடிக்கணும், கத்தியை அழுத்தாமச் சும்மா விடணும். லிஃப்ட் கயித்துல பண்றதுதான். பாரம் எங்க போகணுமோ அங்க தானாப் போகும்."

அவருடைய மனைவி தன் கையையும் நீட்டித் தொட்டுப் பார்த்தாள். பிறகு கணவன் தாடையை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அன்றிலிருந்து காலை ஆறே முக்காலுக்கு மேலேயிருந்து ஒரு சத்தம் அவர் காதில் விழ ஆரம்பித்தது. சப்... சப்... சப்... ஒரே சீராக, அவசரமில்லாமல், ஐம்பது தடவை. முன்பும் அந்தச் சத்தம் இருந்திருக்கும். இப்போதுதான் எண்ண ஆரம்பித்தார்.

இது இப்படியிருக்க, கண்ணாடிக்காரர் நாலு வருஷமாகக் குறிவைத்திருந்த வார் ஒன்று உண்டு. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் டெய்லரம்மா என்று ஒரு பெண்மணி தையல் மிஷினோடு தனியாக இருந்தாள். அவள் புருஷன் சலூன் நடத்தியவர். அவர் போன பிறகு நாற்காலி, கண்ணாடி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவள், ஒரு வாரை மட்டும் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். குதிரைத்தோல். மூன்று விரல் அகலம், ஒரு மடிப்புக்கூட இல்லை, கறுத்த தேன் நிறம். கண்ணாடிக்காரர் ஒருமுறை அவளுக்குக் கண்ணாடி கொண்டுபோய்க் கொடுக்கையில் அதைப் பார்த்தார். பார்த்ததிலிருந்து தூக்கம் போயிற்று.

மாதம் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறுவார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் எப்போதும் கெட்டுக் கிடக்கும். மூச்சு வாங்க உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, ஸ்க்ரூ முடுக்கிக் கொடுத்து, கடைசியில் மெதுவாக வார்ப் பேச்சை எடுப்பார். டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்தபடி, "பார்க்கலாம் சார். இருக்கட்டும், அவர் கைபட்டது" என்பாள். அந்தப் 'பார்க்கலாம்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் அவர் நாலு வருஷம் ஏறி இறங்கினார்.

ஒரு நாள் சாயங்காலம் சகலை ஏதோ சுருட்டிக்கொண்டு நேரே கீழே வந்தார். முகமெல்லாம் பல்.

"அண்ணா, இதைப் பாருங்க. நல்ல வாரா? உங்களுக்குத்தான் தெரியும்."

விரித்தார். கறுத்த தேன் நிறம்.

"இது... இது எங்க கிடைச்சுது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"பின்தெருவுல ஒரு கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர். மூணு நாள் வேலை. மேல ஒரு தையக்கார அம்மா தண்ணி குடுத்தாங்க. என் மூஞ்சியவே பார்த்துட்டு, 'தம்பி, யார் சவரம் பண்ணிவிட்டது'ன்னாங்க. நானேதான்னு சொன்னேன். 'கத்தியா'ன்னாங்க. ஆமான்னேன். உள்ள போய் இதை எடுத்துட்டு வந்து கையில வச்சிட்டாங்க. வேணாம்னு சொன்னாலும் விடல."

"நல்ல வார்தான்" என்று கண்ணாடிக்காரர் சொன்னார். அதைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு நாலு மாடி ஏறினார். லிஃப்ட் வேலை செய்தது. அதில் போக அவருக்கு மனம் வரவில்லை.

"ஏம்மா, நாலு வருஷமா நான் கேட்டுக்கிட்டு இருக்கேன். நேத்து வந்தவனுக்குத் தூக்கிக் குடுத்திட்டீங்களே?"

டெய்லரம்மா மிஷினை நிறுத்தினாள். "கோவிச்சுக்காதீங்க சார். நீங்க கொண்டுபோய் மாட்டி வைப்பீங்க. நானும் மாட்டித்தான் வச்சிருந்தேன். அதுக்கு என் வீட்டு ஆணிக்கு என்ன குறைச்சல்?"

 படி இறங்கும்போதுதான் அவருக்கு நாலைந்து பதில்கள் வந்தன. எல்லாம் நல்ல பதில்கள்தான்.

அதன்பிறகு காலைச் சத்தம் மாறிவிட்டது. பழைய மாட்டுத்தோலின் 'சப்' போய், 'ஸ்ஸப்' என்று பட்டுப்புடவை உரசுகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடிக்காரர் கீழே முகத்தில் நுரையோடு நின்று, அதைக் கேட்டுக்கொண்டே தன் தாடையைக் கிழித்துக்கொள்வார். கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அதே சத்தம். மனைவி சாம்பார் கரண்டியைக் கிண்ணத்தில் வழித்தால்கூட அதே சத்தம். மச்சினி மாடியிலிருந்து குரல் கொடுத்தால், ஏதோ தன்னைக் கேலி செய்யத்தான் கூப்பிடுகிறாள் என்று தோன்றும். சகலை நல்லவர் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. ஒரு தடவையாவது அலட்டிக்கொண்டால் வெறுத்துத் தொலைக்கலாம். மனுஷன் அலட்டவே மாட்டேன் என்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாடிக் குடும்பம் உறவுக்காரர் வீட்டுக்கு வெளியூர் கிளம்பியது. நாலு நாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வந்த கண்ணாடிக்காரர், மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, சாவியையும் தன் கத்தியையும் எடுத்துக்கொண்டு மேலே போனார். பார்த்துவிட்டு வந்துவிடுவது என்றுதான் போனார். கத்தியை எதற்கு எடுத்தார் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

பால்கனிப் பக்கம், வாஷ்பேசினுக்கு மேலே அது தொங்கியது. சீட்டு இல்லை, கறுப்புத் துணி இல்லை. பக்கத்திலேயே ஒரு பல்துலக்கும் பிரஷ், சோப்பு டப்பா.  இப்பேர்ப்பட்ட பொருளை இப்படியா வைப்பது!

மறுமுனையைப் பிடித்து இழுத்தார். கத்தியை வைத்துத் தேய்த்தார். அப்பப்பா. கத்தி தானாகப் போயிற்று. அவருடைய நாற்பத்தொன்றில் ஒன்றுகூட இப்படிப் பேசியதில்லை. பத்து, பதினைந்து, இருபது. மேலிருந்து கேட்கிற அந்தச் சத்தம் இப்போது அவர் கையிலிருந்தே வந்தது. முகம் மலர்ந்தது. இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் அழுத்தம். மேல்முனையில் திருப்பும்போது கத்தியை முதுகின் மேல் புரட்டாமல் அவசரப்பட்டுவிட்டார். கூர்முனை தோலில் இறங்கியது.

கால்வாசி விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. ஓரத்தில். உதடு மாதிரிச் சின்னதாகத் திறந்துகொண்டது.

அவர் அப்படியே நின்றார்.  கீழே யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. இதைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். பொடி உப்புத்தாள் போட்டால் போதும், அவருக்கே தெரியும். சகலை வந்ததும் சொன்னால், 'அதுக்கென்னண்ணா' என்பார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிடுவார். மறுபடி ஆறே முக்கால். மறுபடி ஐம்பது.

வாரை இழுத்துப் பிடித்தார். முதல் வெட்டுக்குப் பக்கத்தில் கத்தியைக் குறுக்கே வைத்து அழுத்தி இழுத்தார். பாதி அகலத்துக்கு வாய் பிளந்தது.

கத்தியை மடித்துக்கொண்டு கீழே வந்து, சாவியை அகப்பட்ட ஆணியில் மாட்டினார். 

சனிக்கிழமை காலையில் சத்தம் கேட்கவில்லை. ஏழு மணிக்குச் சகலை இறங்கி வந்தார், முகத்தில் மூன்று நாள் தாடியோடு, வாரைக் குழந்தை மாதிரி இரு கையிலும் ஏந்திக்கொண்டு.

"அண்ணா, இதைப் பாருங்களேன். எலியா இருக்குமோ?"

கண்ணாடிக்காரர் கடை வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்து, தான் போட்ட வெட்டைத் தானே குனிந்து பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலியாத்தான் இருக்கணும்" என்றார். "தோல் வாசனைக்கு வரும்."

"சரி பண்ண முடியுமா?"

"கஷ்டம் தம்பி. இனிமே தீட்டினா கத்தி தட்டும். இதுக்கு இனி சுவர்தான்." கொஞ்சம் நிறுத்தி, "என்கிட்ட வேணா குடு. வச்சுக்கிறேன். என்கிட்ட இருக்கிறதுல எது வேணுமோ எடுத்துக்க" என்றார்.

சகலை சுவரைப் பார்த்தார். "வேணாம்ணா. நீங்க முதல்ல குடுத்த பழசு இருக்கே, அது போதும். உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும். அந்த அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுதான்..." என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

நாற்பத்திரண்டாவது கொக்கியில் குதிரைத்தோல் ஏறியது. வெட்டுப் பக்கம் சுவரைப் பார்த்தபடி. அவர் சீட்டு எழுத உட்கார்ந்தார். நீளம் எழுதினார், அகலம் எழுதினார். யாரிடமிருந்து வந்தது என்ற இடத்தில் பேனா நின்றது.

மறுநாள் ஆறே முக்காலுக்குச் சப்... சப்... சப்... பழைய மாட்டுத்தோல். ஐம்பது. சகலை டீ குடிக்க வந்தபோது கன்னம் அதே குழந்தைக் கன்னம்.

அன்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். "புதன்கிழமை மேல போனீங்களா?"

"நான் எதுக்குப் போறேன்?"

"அன்னைக்குக் காலையில நான் தண்ணி ஊத்தப் போனேன். அந்த வார் வழவழன்னு தொங்கிச்சு. நானே ஒருதரம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் கிடையாது. மத்தியானம் நான் குளிச்சிட்டு வர்றேன், சாவி வேற ஆணியில மாட்டியிருக்கு."

"எலி..."

"எலி சாவி எடுத்துட்டுப் போய்க் கதவு திறந்துச்சாக்கும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "என் தங்கச்சிக்கு இன்னும் ஒரு முடி நரைக்கல. எனக்குப் பாதி வெளுத்தாச்சு. எனக்கும்தான் பார்க்கும்போது சுருக்குன்னு இருக்கு. அதுக்காக அவ தூங்கும்போது சடையைக் கத்தரிச்சிட்டா வந்தேன்? நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

வாரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு மாடி ஏறினார். பதினெட்டுப் படிதான். டெய்லரம்மா வீட்டு நாலு மாடி இதற்குத் தேவலை என்றிருந்தது. மச்சினி கதவைத் திறந்து, "வாங்க அத்தான், டீ போடட்டுமா?" என்றாள். "வேணாம்மா." சகலை பால்கனியில் உட்கார்ந்து ஏதோ கப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது எலி இல்ல."

சகலை நிமிர்ந்தார்.

"நான்தான். நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப வந்து தீட்டிப் பார்த்தேன்."

"அட, இவ்வளவுதானா? கை தவறிடுச்சு. நேத்தே சொல்லியிருக்கலாமேண்ணா. நான்கூட எலிப்பொறி வாங்கி வச்சேன்."

சகலையே வழியைத் திறந்து விட்டார். அதோடு இறங்கி வந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கண்ணாடிக்காரர் ஏனோ இறங்கவில்லை.

"சின்னதுதான் கை தவறினது" என்றார்.

சகலை செய்தித்தாளைப் பிரித்து வாரைப் பார்த்தார். "அப்ப பெருசு?"

"அது தவறல."

கப்பியைத் துடைத்த துணியைச் சகலை மெதுவாகக் கீழே வைத்தார். "ஏன்ணா?"

"நாலு வருஷம் தம்பி. நாலு வருஷம் அந்தப் படி ஏறினேன்."

"நீங்க படி ஏறினதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னு எனக்கு யார் சொன்னா? எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட் ரிப்பேர் பண்றது." குரல் உயரவில்லை, ஆனால் அதுவரை அவர் கேட்டறியாத குரல். "வெட்டினதைக்கூட விடுங்க. கண்ணுல கண்ணாடியை வச்சு, குனிஞ்சு குனிஞ்சு பார்த்து, எலின்னு சொன்னீங்களே. நான் பக்கத்துல நின்னு தலையாட்டினேன். அதை நினைச்சாத்தான்..."

 சகலை எழுந்து கருவிப்பெட்டியைத் திறந்தார். அளவுகோல் வைத்து, வெட்டுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். தகரம் வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்தார்.

கண்ணாடிக்காரருக்கு உயிரே போயிற்று. "ஐயோ, வெட்டாதே! தம்பி, அது முழுசா இருக்கணும், அதை மாதிரி இன்னொண்ணு கிடைக்காது!"

"நீங்க வெட்டலாம், நான் வெட்டக் கூடாதா?"

நறுக்கென்று ஒரு சாண் துண்டு கீழே விழுந்தது. வளையத்தைக் கழற்றி, புது முனையில் இரண்டு துளை போட்டு, ரிவெட் அடித்து மாட்டினார். பத்து நிமிஷ வேலை. கொக்கியில் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தார். திரும்பிப் பார்க்காமலேயே, "அந்தத் துண்டு வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கண்ணாடிக்காரர் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை டீக்குச் சகலை வரவில்லை. அக்காவும் தங்கையும் படிக்கட்டில் நின்று எப்போதும்போலப் பேசிக்கொண்டார்கள். ஆண்கள் இருவரும் வாசலில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொண்டார்கள். காலைச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. வார் குட்டையானதால் இழுப்பும் குட்டையாகி, சத்தம் கொஞ்சம் வேகமாக வந்தது. ஐம்பது போய் அறுபது ஆயிற்று. கண்ணாடிக்காரர் எண்ணுவதை நிறுத்த முயன்றார்; முடியவில்லை. ஒரு நாள் மட்டும் டெய்லரம்மா வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் வாயில் கடித்திருந்த நூலை எடுக்காமலே கேட்டுவிட்டு, "அவர் இருந்தா உங்க காதைத் திருகியிருப்பார்" என்றாள். பிறகு தன் கண்ணாடியை நீட்டி, "ஸ்க்ரூ லூசா இருக்கு" என்றாள்.

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், வாசலில் சகலையைப் பார்த்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. நாற்பதைத் தாண்டியாயிற்று, கிட்டத்துப் பார்வை மங்குகிற வயதுதான். ஆனால் கண்ணாடி?

"எங்க போட்டே?" என்று கேட்டுவிட்டார். மூன்று மாதத்தில் முதல் வார்த்தை.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு கடை."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது.  வீட்டுக்குக் கீழேயே கடைக்காரர் இருக்க, இன்னொருத்தன் கையால்! அதுவும் என்ன லட்சணம்: ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. மூக்கின் இரு பக்கமும் சிவந்து தடித்திருந்தது.

"இவ்வளவு கோணலாவா குடுப்பான்? மூக்கு வலிக்கல?"

"வலிக்குதுதான்" என்றார் சகலை.

 சகலை கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

கண்ணாடிக்காரர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெந்நீர் வைக்கச் சொல்லி, காதுக்கம்பியை அதில் காட்டி இளக்கி, கட்டைவிரலால் மயிரிழை மயிரிழையாக வளைத்தார். மூக்குத் தாங்கிகளை விலக்கினார். சகலை வாசற்படியைத் தாண்டி வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் அவருக்கு மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். மறுபடி கழற்றி, இன்னும் ஒரு துளி வளைத்து மாட்டினார்.

"இப்ப?"

"இப்ப பரவால்ல."

"பரவால்லன்னா? சரியா இருக்கா இல்லையா?"

"சரியா இருக்குண்ணா."

உள்ளேயிருந்து மனைவி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றைச் சகலையின் கையில் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் தன் டம்ளரை வாங்கிக்கொண்டு, அந்தப் பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன் எப்படிப்பட்டவன், என்ன படித்திருக்கிறான், எத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார்.